ஸ்டே விழுந்த வீடு

வேலுத்தாய் போட்ட கேசுக்கு மதுரை ஐகோர்ட் கொடுத்த ஸ்டே, அவ வீட்டுமேல விழாம, ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அவ ஓரகத்தி சீனியம்மா வீட்டுமேல போய் விழுந்தப்ப, சீனியம்மா அடுப்புல பால் வச்சிருந்தா. பால் நுரை கட்டிப் பொங்கி, பாத்திரத்து விளிம்புக்கு மேல ஒரு விரக்கடை எழும்பி, இந்தா வழியப் போகுதுன்னு அவ ஓடிவந்து ஊதுறதுக்கு வாயைக் குவிக்கிறதுக்குள்ள, எழும்புன மட்டத்துலயே நின்னுபோச்சு. அடுப்பை அணைச்சா, இறங்கல. தீயைக் கூட்டினா, வழியல. "அடியாத்தி, பாலுக்கு என்ன வந்துச்சு?"ன்னு கேட்டுக்கிட்டே வாசலுக்கு வந்தா. எதுத்த வரிசைக்காரங்க நாங்க எல்லாரும் போய்ப் பார்த்தோம். பார்த்துட்டு, பாக்கெட் பால்ல இந்தக் காலத்துல என்னத்தைக் கலக்குறானோன்னு சொல்லிட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டோம்.

எங்க ஊரு கருமடை, தெரு சாயக்காரத் தெரு. ஊருக்கு நாலு வழி ரோடு வருதுன்னு சொல்லி, ரோடு ஆபீஸ்காரங்க வந்து சங்கிலி பிடிச்சு அளந்து, மேல வரிசை வீடு அத்தனையும் எடுக்கிறதா முடிவு பண்ணி, ஒவ்வொரு சுவத்துலயும் மஞ்சப் பெயிண்டுல நம்பர் எழுதிட்டுப் போனாங்க. கீழ வரிசை எங்க சுவத்துல ஒரு சொட்டுப் பெயிண்டு படல. மேல வரிசைக்குப் பணம் வரும், மனை வரும், எங்களுக்குத் தூசிதான் வரும். அன்னைக்குப் பிடிச்ச வயித்தெரிச்சல் எங்களுக்கு. அதனால நாங்க சொல்ற கதையில காரம் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், பொறுத்துக்கணும்.

மேல வரிசையில எல்லாரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. சீனியம்மாவும் போட்டுட்டா. புருசன் போய்ச் சேர்ந்து வருசமாச்சு, மக திருப்பூர்ல கட்டிக்கொடுத்த இடத்துல நல்லா இருக்கா. வர்ற பணத்துல சின்னதா ஒரு வீட்டைக் கட்டி, பாலைக் காய்ச்சிக் குடிபோயிரலாம்னு அவ கணக்கு. கையெழுத்துப் போடாதவ வேலுத்தாய் ஒருத்திதான். அவ புருசன் திருமேனி, அதான் சீனியம்மாவுக்குக் கொழுந்தன், சுண்ணாம்புக் காளவாசல்ல வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கிட்ட மனுசன். ரெண்டு எட்டு வச்சா மூச்சு வாங்கும். பெரியாஸ்பத்திரி டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, வர்ற மழைக்காலம் தாண்டுறது கஷ்டம்னு வேலுத்தாயை மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். அந்த மனுசனைத் தூக்கிக்கிட்டு வீடு மாறுறதான்னு அவ தாலுகா ஆபீசுல ஒரு ஆட்சேபணை எழுதிக் கொடுத்தா. பதில் ஒரே வரியில வந்துச்சு: ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.

நிராகரிச்சதுகூட அவளுக்குப் பெருசாத் தெரியல. பரிசீலிக்கப்பட்டுன்னு இருந்துச்சு பாருங்க, அந்த வார்த்தைதான் அவளைக் கிளப்பிவிட்டுச்சு. மதுரையில வக்கீல் எபனேசர் முன்னால போய் உக்காந்து, "என்னைக் கூப்பிட்டு, ஏத்தா, உனக்கு என்ன கஷ்டம்னு ஒருத்தன் கேட்டானா சார்? கேக்காமலே பரிசீலிச்சுட்டானா? எப்படிப் பரிசீலிச்சான், மோந்து பார்த்தா?"ன்னு கேட்டா. வக்கீலுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அம்மா, கேஸே இந்த ஒரு கேள்விதான். உங்க தரப்பைக் கேக்காம அப்படி ஒரு முடிவெடுக்க எந்த ஆபீசுக்கும் உரிமை கிடையாது. ரிட் போடுவோம்"னார். போட்டார். ஜட்ஜும் மனுவைப் பார்த்து, மறு உத்தரவு வர்ற வரைக்கும் அந்த இடத்துல இன்னைக்கு இருக்கிற நிலை அப்படியே தொடரணும்னு ஆர்டர் போட்டுட்டார். வேலுத்தாய் தெருவுக்கே ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தா. எங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு கிடைச்சுச்சு.

இருக்கிற நிலை அப்படியே தொடர்ந்துச்சு, பக்கத்து வீட்ல. சீனியம்மா வீட்டு வாசல்ல அன்னைக்குக் காலையில போட்ட கோலத்தை ஆடு மிதிச்சுது, சைக்கிள் மிதிச்சுது, மழை வந்து கழுவுச்சு, கோலம் அழியல; புருசன் படத்துக்குப் போட்டிருந்த மல்லிகைச் சரம் வாடல; அன்னைக்குன்னு பதமாப் பொங்கி நின்ன இட்லி மாவு, எடுத்து எடுத்து ஊத்தியும் சட்டியில குறையல, புளிக்கவும் இல்ல; சிலிண்டர் தீரல, எண்ணெய் தீரல, தாயத்து மாதிரி அவ கழுத்துல தொங்குன சாவிக்கொத்துகூடத் துருப்பிடிக்கல. அவ தலையிலயும் அதுக்கப்புறம் ஒரு முடி நரைக்கல. பால் மட்டும் அடுப்புமேல பொங்குனபடி நின்னுக்கிட்டே இருந்துச்சு.

ஆர்டர் நகல் தபால்ல வந்தப்பதான் சங்கதி வெளிய வந்துச்சு. வேலுத்தாய் வீட்டு நம்பர் 88/4அ. ஆர்டர்ல இருந்தது 88/4ஆ. மாமனார் மனையை அண்ணன் தம்பிக்குப் பிரிச்சப்ப வந்த எழுத்து அது. வக்கீல் ஆபீசுக்குப் போற அன்னைக்குக் காலையில, பட்டா நகலை மடியில வச்சுக்கிட்டே வேலுத்தாய் திருமேனிக்குக் காப்பி ஆத்தியிருக்கா. ஒரு சொட்டுத் தெறிச்சு, சரியா அந்த 'அ'வோட காலடியில விழுந்து, சுழிச்சுக் காய்ஞ்சுபோயிருக்கு. டைப் அடிச்சவருக்கு அது 'ஆ'வாத்தான் தெரிஞ்சிருக்கு. யாரைக் குத்தம் சொல்ல? "எல்லாம் சுழி"ன்னு நாங்க சொன்னோம். அவ நடுத்தெருவுல உக்காந்து, "நான் போட்ட கேசுய்யா! ஏறி இறங்குனது நான், பஸ்ஸுல வாந்தி எடுத்துக்கிட்டே போனது நான், கையெழுத்துப் போட்டுட்டுக் கால் நீட்டி உக்காந்திருந்தவளுக்கு ஸ்டேயா?"ன்னு மாரடிச்சு அழுதா. நியாயம்தானே. எங்களுக்கே வயிறு எரிஞ்சுச்சே, அவளுக்கு எரியாதா?

மண்ணள்ளுற மிஷின் வந்து, மேல வரிசையை ஒரு ஓரத்துல இருந்து இடிச்சுக்கிட்டே வந்து, சீனியம்மா வீட்டுக்கிட்ட வந்ததும், ஓங்கின கை ஓங்குனபடி நின்னுச்சு. டிரைவர் இறங்கி டீ குடிச்சுட்டு வந்து பார்த்தான், அப்பவும் அப்படித்தான். மேற்பார்வை ஆபீசர், "ஸ்டே இருக்குல்ல, விடுப்பா"ன்னுட்டார். ஒட்டுச்சுவர்ங்கிறதால வேலுத்தாய் வீட்டையும் தொட முடியல. அவளுக்கு அதுவும் பொறுக்கல. அவ தயவுல என் வீடு நிக்கணுமான்னு கேட்டா.

நாங்க என்ன செஞ்சோம்னு கேக்குறீங்களா? பழகிட்டோம். மாவு இல்லாத வீட்டுக்காரி கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு சீனியம்மா வீட்டுக்குப் போனா. கரண்ட் ரீடிங் எடுக்க வந்த ஆளு மீட்டர் ஓடலைங்கிறதைப் பார்த்து, முந்தின நம்பரையே எழுதிட்டுப் போனான். பூக்காரி விக்காத பூவை அங்க கொண்டுபோய் வச்சா, மீன்காரன் கூடையை அங்க இறக்கினான். நேரங்கெட்ட நேரத்துல கோவப்படுற புருசனை வச்சிருந்த ஒருத்தி, அவன் சிரிச்சிக்கிட்டு இருந்த நேரமாப் பார்த்துக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து அங்க ஒரு பகல் பூரா உக்கார வச்சுட்டா. உள்ள இருக்கிற வரைக்கும் அவன் சிரிச்சிக்கிட்டே இருந்தான், வாசலைத் தாண்டுனதும் பழைய குணம் வந்துருச்சு. வெளிய இருந்து வர்ற எதுவா இருந்தாலும் வாசப்படிக்கு உள்ள இருக்கிற வரைக்கும்தான் ஸ்டேங்கிறது அப்படித்தான் எங்களுக்குத் தெரிஞ்சுச்சு.

நாங்களும் ஸ்டே வாங்கலாம்னு ஒரு வேன் பிடிச்சு வக்கீல் எபனேசர்கிட்டப் போனோம். "உங்க வரிசையைத்தான் எடுக்கலையே, கோர்ட்டுக்குப் போனா, உங்களுக்கு என்ன பாதிப்புன்னு கேப்பாங்களே?"ன்னார். எங்க பாதிப்பு என்னன்னு எங்களுக்குத் தெரியும், அதை வெளிய சொல்ல முடியுமா? திரும்பி வந்துட்டோம். ஆனாலும் ஒரு ஆசை இருக்கத்தானே செய்யும்? கோர்ட் கூடுற நேரம்னு தினமும் பத்தரை மணிக்குக் குடத்துல தண்ணி ரொப்பி, முகத்துக்குப் பவுடர் போட்டு, பிள்ளைகளை அடிக்காம, சிரிச்ச முகமாக் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கிற பழக்கம் எங்க வரிசையில ரொம்ப நாள் இருந்துச்சு. தப்பித்தவறி நம்ம வீட்டுமேலயும் ஒண்ணு விழுந்துட்டா?

அப்பதான் ஒருநாள் திருமேனி, "மதினி வீட்ல பால் நிக்குதாமே, பார்த்துட்டு வாரேன்"னு சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து போனார். அடுக்களை வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து பாலைப் பார்த்துக்கிட்டே இருந்தவருக்கு, மூச்சு அதுக்குமேல வாங்கல. இருமல் இருந்த அளவோட நின்னுச்சு. திரும்பி வந்து, "வேலு, அங்க உக்காந்தா நெஞ்சு அடங்கி இருக்கு புள்ள"ன்னார்.

வேலுத்தாய் கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுச்சு. "எங்க உக்காந்தா?"

"மதினி வீட்லதான்."

"ஓகோ. மூணு வேளையும் நான் வடிச்சுக் கொட்டுறேன், வெந்நி வச்சு ஒத்தடம் கொடுக்கிறேன், அதுக்கெல்லாம் அடங்காத நெஞ்சு, அவ மூஞ்சியைப் பார்த்ததும் அடங்கிருச்சோ?"

"மூஞ்சியைப் பார்க்கல புள்ள, பாலைப் பார்த்தேன்."

"பாலாம் பாலு!"

போகாதேன்னு சொல்ல அவளால முடியல. போனாத்தானே உசுரு நிக்கும். காலையில அவ போட்டுக் கொடுக்கிற காப்பியைக்கூட டம்ளரோட தூக்கிட்டுப் போய் அந்த வீட்ல உக்காந்துதான் அவர் குடிப்பார். அங்க காப்பி ஆறாது பாருங்க. பகலெல்லாம் அங்க உசுரைச் சேத்து வச்சுட்டு, ராத்திரி இங்க வந்து செலவு பண்ணிட்டு, விடிஞ்சதும் மறுபடி டம்ளரைத் தூக்கிக்கிட்டுப் போவார். சுவத்துக்கு அந்தப் பக்கம் அவர் ஏதாவது சொல்ல, சீனியம்மா கெக்கெக்கேன்னு சிரிக்கிறது இந்தப் பக்கம் கேக்கும். அவ சிரிப்பு ஒரு தினுசு, கொலுசு உருண்ட மாதிரி இருக்கும், ஊருக்கே பிடிக்கும். வேலுத்தாய் அம்மியில அரைச்சுக்கிட்டு இருந்த தேங்காய் சந்தனமாப் போயிரும், அவளுக்குத் தெரியாது. என் காப்பி, என் புருசன், என் கேசு, அவ வீடு. இதைத்தான் அவ அரைச்சுக்கிட்டே சொல்லிக்கிட்டு இருப்பா.

ஒருநாள் கொல்லைச் சுவத்துக்கு மேல எட்டிப் பார்த்துச் சீனியம்மாவே கேட்டுட்டா: "ஏன்டி இப்படி வெந்து சாகுற? இந்த வீட்ல என்ன இருக்குன்னு உனக்குப் பொறாமை?"

"உனக்கென்னக்கா, மகராசி. மாவு தீராது, மயிரு நரைக்காது."

"பால் பொங்குச்சே, ஒரு வாய் இறக்கிக் குடிச்சிருப்பேனா? வாடுனாத்தானே அவர் படத்துக்குப் புதுப் பூ வாங்கிப் போட முடியும்? நேத்து உன் வீட்ல ரசம் ஊசிப்போச்சுன்னு தம்பியை நீ திட்டுன திட்டு இங்க கேட்டுச்சு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? திட்டுறதுக்கு வீட்ல ஒரு ஆளு இருக்குன்னு உன்மேல நான் வெந்துக்கிட்டுக் கெடக்கேன், நீ என்னடான்னா என்மேல வேகுற."

வேலுத்தாய்க்கு அதைக் கேட்டுச் சந்தோசமா இருந்துச்சு. அதை வெளிய காட்டிக்காம, "அப்ப மாத்திக்குவோமா?"ன்னா.

"மாத்திக்கடி. இந்தப் பால் பொங்கி வழிஞ்சாப் போதும் எனக்கு. போய் அந்தச் சுழியை அழிச்சுட்டு வா."

வக்கீல் எபனேசர் திருத்த மனு போட்டார். நாள் குறிச்சாச்சு. ஆர்டர் வந்து விழுற நேரத்துல வீட்ல என்ன இருக்கோ அதுதான் நிக்கும்னு தெருவுக்கே தெரியும்ங்கிறதால, வேலுத்தாய் தயாரானா பாருங்க, தீபாவளிக்குக்கூட அவ அப்படித் தயாரானதில்ல: அரிசிப் பானை ரொப்பியாச்சு, உப்பு ஜாடி ரொப்பியாச்சு, வீடு வெள்ளையடிச்சாச்சு, தலைநிறையப் பூ வச்சாச்சு, திருமேனிக்கு வெந்நியில மேலைத் துடைச்சு, கஞ்சி போட்ட சட்டை மாட்டி, நாற்காலியில உக்கார வச்சு, கையில ஆவி பறக்கக் காப்பி கொடுத்தாச்சு. நாங்க எல்லாரும் வாசல்ல நின்னு யோசனை சொன்னோம். நிக்கிற எங்களுக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சாலும், நல்ல யோசனைதான் சொன்னோம்: "ஏத்தா, எல்லாம் சரி. மனசை நல்லா வச்சுக்கோ. அதுவும் அப்படியே நின்னுறப் போகுது." அவ தலையை ஆட்டிட்டு, கண்ணை மூடி, முருகா முருகான்னு சொல்ல ஆரம்பிச்சா. மனசு நிசமாவே தெளிஞ்சுதான் வந்துச்சு. முகத்தைப் பார்த்தா தெரிஞ்சுச்சு.

மதுரையில ஜட்ஜ் கையெழுத்துப் போட்டார். ஸ்டே அந்த வீட்டை விட்டு இறங்கி இந்த வீட்டுக்கு ஏறுறதுக்கு ஒரு மூச்சு நேரம் ஆச்சு. அந்த ஒரு மூச்சு நேரத்துல, சுவத்துக்கு அந்தப் பக்கம் மாசக்கணக்கா நின்னுக்கிட்டு இருந்த பால் புஸ்ஸுன்னு பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு, தீஞ்ச வாடை தெருவுக்கு வந்துச்சு, சீனியம்மா, "யாத்தே, வழிஞ்சுருச்சு! வழிஞ்சுருச்சு!"ன்னு கைதட்டிச் சிரிச்சா, அந்தக் கொலுசுச் சிரிப்பு, இந்தப் பக்கம் காப்பி டம்ளரோட உக்காந்திருந்த திருமேனி அதைக் கேட்டு, அந்தச் சுவத்துப் பக்கம் திரும்பி, லேசாச் சிரிச்சார். சிரிப்பு அவர் உதட்டுல முழுசா வந்துகூடச் சேரல. வேலுத்தாய் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தா. பார்த்ததும் அவ வயித்துல குப்புன்னு பத்துச்சு. ஸ்டே விழுந்துச்சு.

அரிசி தீரல. உப்பு தீரல. அவ தலையில பூ வாடல. திருமேனி சாகல. மழைக்காலம் வந்துச்சு, தாண்டுச்சு, மறு மழைக்காலமும் வந்துச்சு, அவர் அதே மூச்சோட, அதே இருமலோட, அதே கஞ்சி மடிப்புச் சட்டையோட உக்காந்திருந்தார். பெரியாஸ்பத்திரி டாக்டரே ஒருநாள் காரைப் போட்டுக்கிட்டு வந்து பார்த்து, ஆர்டர் நகலை வாங்கிப் படிச்சுட்டு, சரிதான்னு தலையை ஆட்டிட்டுப் போனார். எல்லாம் அவ கேட்டபடிதான் நின்னுச்சு. அவ வயித்துல பத்துனதும் நின்னுச்சு. எழுந்திருச்சா எரியும், உக்காந்தா எரியும், புருசன் முகத்தைப் பார்த்தா, அந்தச் சுவத்துப் பக்கம் சாய்ஞ்ச பாதிச் சிரிப்பு அங்கேயே இருக்கும். பேசும்போது வாய் அசையும், பேசி முடிச்சதும் அந்தச் சிரிப்பே வந்து உக்காந்துக்கும்.

அந்தப் பக்கமோ சுவர் மட்டும்தான் மிச்சம். சீனியம்மா வீட்டை இடிச்சுட்டாங்க, அவளுக்குப் பணம் வந்துருச்சு, பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்கு இருந்துக்கிட்டே கிடைச்ச மனையில கல்லு இறக்க ஆரம்பிச்சுட்டா. ரோடு போடுறவங்க ரொம்ப நாள் காத்திருந்து பார்த்துட்டு, வேலுத்தாய் வீட்டைச் சுத்தி ரோட்டை ஒரு வளைவு வளைச்சுப் போட்டுக்கிட்டாங்க. லாரியெல்லாம் அவ வாசலைச் சுத்திக்கிட்டுப் போகும். யாரும் என்ன ஏதுன்னு கேட்டதில்ல. டிரைவர்மார் ஹாரன் அடிச்சு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனாங்க. பக்கத்துல கோயில் இருக்குன்னு நினைச்சிருப்பாங்க.

தலைப்பூவை உள்ளயே கழட்டி வச்சுட்டுத் தெருக்குழாய்ல தண்ணி பிடிக்க வர்ற வேலுத்தாயைப் பார்த்துதான் நாங்க ஒண்ணைக் கண்டுபிடிச்சோம். குழாயடியில அவ தங்கமான பொம்பளை. "அக்கா வீடு லிண்டல் மட்டத்துக்கு வந்துருச்சாமே, பாவம், ஒத்தையில அலையிறா"ன்னு சொல்லுவா. சந்தையில சீனியம்மாவுக்குப் பிடிக்குமேன்னு வாழைப்பூ வாங்குவா. வாங்கிட்டு வாசப்படியைத் தாண்டுவா. உள்ள போனதும், "வீடு கட்டுறாளாம் வீடு!"ன்னு ஒரு சத்தம் வரும், வாழைப்பூ வெளிய வந்து ரோட்டுல விழும். அதை எடுத்து நாங்க பொரியல் வச்சுச் சாப்பிட்டிருக்கோம். ஏத்தா, உன் எரிச்சல் வீட்டுக்குள்ளதான் இருக்கு, வெளிய வந்தா உன்கிட்ட இல்லைன்னு குழாயடியில வச்சு அவகிட்டச் சொன்னோம். "எனக்கும் தெரியுது. அவர் உள்ள இருக்காரே, நான் என்ன செய்யட்டும்?"னா.

அப்படி இருக்கும்போதுதான் வக்கீல் எபனேசர் போன்ல கத்தினார். "அம்மா, ஜெயிச்சுட்டோம்! ரோட்டைத்தான் வளைச்சுட்டாங்களே, இனி உங்க இடம் தேவையில்லை, முடிவை வாபஸ் வாங்கிக்கிறோம்னு அந்த ஆபீஸே எழுதிக் கொடுத்துருச்சு. வர்ற வாய்தாவுல கேஸ் முடிஞ்சுரும்."

"ஜெயிச்சா ஸ்டே இருக்கும்ல சார்?"

"ஸ்டே எதுக்கும்மா? கேஸ் முடிஞ்சா அதுவும் முடிஞ்சுரும். வீடு உங்களோடது, யாரும் தொட முடியாது."

"அப்ப ஜெயிக்காதீங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"வாய்தா வாங்குங்க சார். உங்க காலைப் பிடிக்கிறேன்."

அந்த நல்ல மனுசன் வாங்கினார். ஒரு தடவை தொண்டை சரியில்லைன்னார், ஒரு தடவை சீனியர் வெளியூர்ல இருக்கார்னார், அவருக்கு மேல சீனியரே கிடையாது. ஜட்ஜ் கண்ணாடியைக் கழட்டி, "தோக்கிறவங்க வாய்தா கேப்பாங்க, பார்த்திருக்கேன். ஜெயிக்கிற நீங்க ஏன் கேக்குறீங்க?"ன்னு கேட்டுட்டார். வக்கீலும், "அம்மா, இதுதான் கடைசி வாய்தா"ன்னு வந்து சொல்லிட்டார்.

திருமேனி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். "விடேன் வேலு. எத்தனை நாளா ஒரே காப்பியைக் குடிக்கிறேன். குடிக்கக் குடிக்க அதே மட்டத்துக்கு வந்து நிக்குது. எனக்குக் குடிச்சு முடிக்கணும் புள்ள."

"முடிச்சா?"

"முடிச்சா டம்ளரைக் கழுவி வைப்ப."

அவ வெடிச்சுட்டா. "நீங்க செத்தா அவ என்னைவிடச் சத்தமா அழுவா! ஊரே அவ அழுறதைத்தான் பேசும்! அதுக்காகவே விடமாட்டேன்!" கீழ வரிசையில எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. நாங்க சிரிக்கல.

சீனியம்மா புது வீட்டுக்குப் பால் காய்ச்சுற நாளும் கேஸோட கடைசி வாய்தாவும் ஒரே நாள்ல வந்து நின்னுச்சு. காலையில அவளே வந்தா, வெத்தலைத் தட்டோட. ஆளு மாறிப்போயிருந்தா, தலை பாதி நரைச்சு, முன்பல்லு ஒண்ணு விழுந்து, வெயில்ல நின்னு நின்னு கறுத்து. வேலுத்தாய் உள்ள இருந்து அவளைப் பார்த்தா. அந்த நரையைப் பார்த்தா. யாரும் நம்பமாட்டீங்க, அந்த நரைமேலயும் அவளுக்குப் பொறாமை வந்துச்சு. எவ்வளவு நடந்திருக்கு அந்தத் தலைக்கு!

சீனியம்மா வாசப்படியை மிதிக்கல. வெளிய நின்னே, "தம்பி, வேலு, ரெண்டு பேரும் வரணும். எனக்குன்னு வேற யாரு இருக்கா? மகளுக்கு லீவு கிடைக்கல. பூவும் பொட்டுமா ஒரு பொம்பளை இல்லாம நான் எப்படிப் பாலை இறக்குவேன்?"னா.

"போ போ, உன் பாலை நீயே இறக்கிக்கோ"ன்னு வேலுத்தாய் சொல்லி வாய் மூடல, திருமேனி நாற்காலியை விட்டு எழுந்திருச்சார். கையில டம்ளர். அந்தப் பாதிச் சிரிப்போட ஒரு எட்டு, ரெண்டு எட்டு, வாசப்படி மேல கால் வச்சுட்டார். வேலுத்தாய் ஓடிப் போய் மணிக்கட்டைப் பிடிச்சா. "போகாதீங்க, வெளிய போனா..." அவர் திரும்பல. கையை உதறவும் இல்ல. பிடிச்ச கையோட அப்படியே படி இறங்கினார், அவளும் கூடவே இறங்கிட்டா.

வெளிய வெயில். ஒரு லாரி வளைஞ்சு போச்சு. திருமேனிக்கு இருமல் வந்துச்சு, புது இருமல், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வளைஞ்சு இருமினார். அது அடங்குனதும் நிமிர்ந்து முகத்தைத் திருப்பி வேலுத்தாயைப் பார்த்தார். வருசக்கணக்கா அந்தச் சுவத்துப் பக்கம் நின்ன பாதிச் சிரிப்பு, அப்பதான் மீதியும் வந்து முழுசாச்சு, அவ முகத்தைப் பார்த்து. "பைத்தியக்காரி, உன் தலையில பூ வாடிருச்சு பாரு"ன்னார். அவ தொட்டுப் பார்த்தா. வாடித்தான் இருந்துச்சு. அப்ப அழுதா பாருங்க ஒரு அழுகை, சீனியம்மாவால அதுக்குக் கிட்டகூட வர முடியாது. நாங்க எதுத்தாப்புல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தோம். ஒரு பொம்பளையைப் பார்த்து ஒரு புருசன் அப்படிச் சிரிப்பானான்னு எங்க வரிசையில அத்தனை பேருக்கும் வயிறு எரிஞ்சுச்சு.

அழுதுக்கிட்டே சீனியம்மாகிட்ட போனை வாங்கி வக்கீலுக்குப் போட்டா. "சார், ஜெயிச்சுருங்க"ன்னு மட்டும் சொன்னா.

மூணு பேரும் மெல்ல நடந்து போனாங்க. அவர் மூச்சு வாங்குறப்ப எல்லாம் நின்னு, வாங்கி முடிச்சதும் நடந்து, ரோட்டோரமாவே போனாங்க. நாங்களும் பின்னாலயே போனோம், பால் காய்ச்சுற வீட்ல எங்களுக்கும் அழைப்பு இருந்துச்சு. புது அடுப்புல புதுப் பாத்திரத்துல பால் வச்சு, வேலுத்தாயும் சீனியம்மாவும் ரெண்டு பக்கமும் குனிஞ்சு நின்னாங்க. நுரை கட்டுச்சு, எழும்புச்சு, விளிம்புக்கு வந்துச்சு, ஒரு நொடி எல்லாரும் மூச்சைப் பிடிச்சோம். புஸ்ஸுன்னு வழிஞ்சுச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து இறக்கினாங்க.

திருமேனி சுவரோரமாப் புதுப் பாயில உக்காந்து, கையில இருந்த டம்ளரைப் பார்த்துக்கிட்டு இருந்தார். பாதி குடிச்சிருந்தார், பாதி இருந்துச்சு. சீனியம்மா வந்து, "என்ன தம்பி, இன்னும் இந்தப் பழைய காப்பியவா வச்சிருக்கீங்க, கொண்டாங்க"ன்னு வாங்கி, ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்துட்டு முகத்தைச் சுளிச்சா.

"என்னடி வேலு, இது சுத்தமா ஆறிப்போயிருக்கு?"

"ஆமாக்கா," வேலுத்தாய் வயித்தைத் தடவிக்கிட்டே சொன்னா, "ஆறிருச்சு."